ஆறு முடிச்சு

கொஞ்சம் அந்த ஜன்னலை அழுத்திப் பிடிக்கிறீர்களா? ஒரு நிமிஷம்தான். ஆடிக்கொண்டே வருகிறது பாருங்கள், கடகடவென்று. துவாக்குடியில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களோ. என் டிக்கெட்டை நாலாக மடித்து இந்தச் சந்தில் செருகினால்... இதோ. இன்னும் கொஞ்சம் உள்ளே. ம். நின்றுவிட்டது. காசில்லாத டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் உண்டா, சொல்லுங்கள்.

எனக்கு எது ஆடினாலும் ஆகாது. எங்கள் வீட்டில் ஆடுகிற நாற்காலி என்று ஒன்று கிடையாது. ஆடுகிற குக்கர் கைப்பிடி கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் சொல்வார், "உங்கிட்ட விட்டா பூமியையே ஆணியடிச்சு நிறுத்திப்புடுவ, அப்புறம் எப்படி விடியறது?" என்று. கேலிதான். ஆனால் அவருடைய சைக்கிள் கேரியரை இறுக்கிக் கொடுத்தது யார்? நான்தான்.

பை உங்களை இடிக்கிறதா? மடியில் வைத்துக்கொள்கிறேன். பயப்படாதீர்கள், ஹெல்மெட்தான். வண்டி ஓட்டுகிற ஹெல்மெட் இல்லை, வேலை செய்கிற இடத்தில் போடுவது. மன்னார்புரத்தில் இறங்க வேண்டும். பதினொன்றரைக்கு அங்கே ஆபீஸில் இதைக் கொண்டுபோய் மேஜையில் வைக்க வேண்டும். மணி என்ன இப்போது? பத்து நாற்பதா? இன்னும் திருவெறும்பூரே வரவில்லை. இந்த டிரைவர் என்ன, உருட்டிக்கொண்டு போகிறாரா? சரி, வரும்போது வரட்டும். சீக்கிரம் போய் மட்டும் என்ன ஆகப் போகிறது.

மேனேஜர் கார் அனுப்புகிறேன் என்றார். எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, குமட்டும் என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே குமட்டும்.

அசையாதீர்கள். உங்கள் கைப்பட்டியில் ஒரு நூல் தொங்குகிறது. இழுக்காதீர்கள், இழுத்தால் தையலே பிரிந்துவிடும். இதோ வெட்டிவிடுகிறேன். இது நூல் கட்டர். கத்தரிக்கோல் மாதிரி பெரிதாக இருக்காது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தையல் பழகிய நாளிலிருந்து பர்ஸிலேயே இருக்கிறது, பதினெட்டு வருஷம். பாருங்கள், ஒரே வெட்டு. தடம் தெரிகிறதா? தெரியாது.

இன்றைக்கு இதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஆறு வெட்டு. மன்னார்புரம் போவதற்குள் வெட்டினால் வெட்டியதுதான். அதைச் செய்வதா வேண்டாமா என்றுதான்... அதை விடுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? சென்ட்ரலா? அப்போது நேரம் இருக்கிறது.

துவாக்குடிப் பக்கம் பாய்லருக்குக் குழாய் வளைத்து வெல்டிங் அடித்துக் கொடுக்கிற பட்டறைகள் வரிசையாக இருக்குமே, அதில் ஒன்று எங்களுடையது. நாற்பத்திரண்டு பேர் வேலை. நான் ஸ்டோர்ஸ். கையுறை, வெல்டிங் ராடு, கண்ணாடி, பூட்ஸ், எல்லாம் என் கையால் போய் என் கைக்கே திரும்பி வரும். என் பெயர் வேதவல்லி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். அங்கே எல்லாருக்கும் நான் ஸ்டோர் அக்கா.

போன புரட்டாசியில் புது ஹெல்மெட் வந்தது. பழையதெல்லாம் வெயில் பட்டு வெளுத்துப்போய், சில ஹெல்மெட்டுகளில் விரிசல்கூட விழுந்துவிட்டது. புதுசைக் கொண்டு வந்தது புஹாரி என்று ஒரு தம்பி, ஹெல்மெட் விற்கிற கம்பெனியிலிருந்து. நல்ல பிள்ளை. எல்லாரையும் ஷெட்டில் உட்கார வைத்து விளக்கிக் காட்டப் போகிறேன் என்றான். "அக்கா, கேன்டீன்ல ஒரு சொம்பு நிறைய தயிர் கிடைக்குமா? நல்லா உறைஞ்ச தயிரா இருக்கணும்" என்று என்னிடம்தான் கேட்டான். ஹெல்மெட்டுக்கும் தயிருக்கும் என்ன சம்பந்தம்? வெயிலுக்குக் குடிக்கக் கேட்கிறான் என்று நினைத்தேன். வாங்கிக் கொடுத்துவிட்டு நான் பெட்டியை எண்ணப் போய்விட்டேன். எண்ணினால் நாற்பத்தொன்றுதான் இருக்கிறது. மறுபடி எண்ணினேன். கடைசியில் ஒன்று லாரி சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. நான் திரும்பி வந்தபோது விளக்கமெல்லாம் முடிந்து எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சொம்பு மேஜையில் கிடந்தது. கழுவக்கூட இல்லை. தயிர் எல்லாம் கலைந்து, தண்ணீர் தனியாகப் பிரிந்து... வீணடித்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம்.

அன்றைக்கு நான் பெட்டி எண்ணாமல் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது இப்போது. யார் எண்ணுவது பிறகு?

மதியம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பழைய ஹெல்மெட்டில் வெளியே ஓடு, உள்ளே நாடாவால் ஒரு கூடு, அவ்வளவுதான். புதுசில் அந்தக் கூட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே பச்சையாக, மெல்லியதாக ஒரு ஏடு. அதில் சின்னச் சின்ன துளைகள். தலையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் ஓடு தனியாக நழுவுகிறது. ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம், ஒரு விரல் அகலம் அந்தப் பக்கம். எனக்கு எப்படி இருக்கும்? லாரியில் குலுங்கி வந்ததில் கழன்றுவிட்டது போல என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் ஆடுகிறது. அதற்கடுத்ததும். நாற்பத்திரண்டும் ஆடுகிறது! ஒன்று இரண்டு கெட்டுப்போனால் சரி. நாற்பத்திரண்டையுமா இப்படிச் செய்து அனுப்புவார்கள்? என்ன கம்பெனியோ என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பெட்டிக்குப் பெட்டி ஒரு காகிதம் போட்டிருந்தான். பொடி எழுத்தில் இங்கிலீஷ். ஒரு தலைப் படம், அதைச் சுற்றி வளைந்த அம்புக்குறி. மூடியில் அம்புக்குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் திருகி இறுக்கு என்றுதானே அர்த்தம்? இறுக்க மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். காகிதம் நல்ல வழவழப்பான காகிதம். வீணாக்குவானேன் என்று அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டேன்.

திருவெறும்பூர் வந்துவிட்டதா? பாருங்கள், எவ்வளவு கூட்டம் ஏறுகிறது. கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்கள்.

திருப்பி அனுப்பினால் வேறு வர ஒரு மாதம் ஆகும். ஆயுத பூஜைக்குள் எல்லார் தலையிலும் புது ஹெல்மெட் இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் நானே சரி செய்துவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். தினம் ஏழு ஹெல்மெட், ஆறு சாயங்காலம். நீல நைலான் நூல். பச்சை ஏட்டில்தான் துளை இருக்கிறதே, அது வழியாக நூலைக் கோத்து, ஓட்டின் உள்பக்கம் கூடு மாட்டுகிற கொக்கிகளில் இழுத்துக் கட்டி, நாலு மூலைக்கு நாலு முடிச்சு. ஓட்டில் ஒரு துளை போடவில்லை. பிசிறு இல்லை. முடித்துவிட்டு உலுக்கினால் சிலை மாதிரி நிற்கும். எங்கள் வீட்டுக்காரர்கூட வாங்கிப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் பாத்தா உன்ன வேலைக்குக் கூப்பிட்டுப்பான்" என்றார்.

சோதிக்காமல் கொடுத்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. தையல் போட்ட ஹெல்மெட்டுக்குள் ஒரு தேங்காயை வைத்தேன். ஸ்டோர்ஸில் ஏணி மேல் ஏறி நின்று இரண்டு கிலோ சுத்தியலை நேராக அதன் மண்டையில் போட்டேன். டங்! தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி போட்டேன். மூன்று தடவை. அந்தத் தேங்காயைத்தான் ஆயுத பூஜைக்கு உடைத்தோம். அப்போதும் முதல் அடியில் உடையவில்லை, அவ்வளவு கெட்டியாக இருந்தது.

பூஜையன்று நாற்பத்திரண்டு ஹெல்மெட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம், புதுச் சாமான் எது வந்தாலும் அதிலேயே பொரி போட்டுக் கொடுப்பது. ஹெல்மெட்டை மல்லாத்திப் பிடித்து அதில் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

குணசீலன் என்று ஒரு வெல்டர். தலையில் ஒரு முடி கிடையாது. மறுநாள் காலையிலேயே வந்து கவுன்டரில் தட்டுகிறான்.

"அக்கா, உன் முடிச்சு என் மண்டைல கோலம் போடுது. பாரு, இங்க பாரு."

"முடி இருந்தா உறுத்தாது. அதுக்கு நான் என்ன பண்றது?"

"புஹாரி இதுல முடிச்சு இருக்கும்னு சொல்லலையே. நழுவும்னுல்ல சொன்னான்?"

"நழுவற சாமான விக்கறவன் வேற என்னடா சொல்லுவான்?"

வெட்டிப் போட்டுவிட்டான். நான் மறுபடி தைத்தேன். மறுபடி வெட்டினான். மறுபடி தைத்தேன். மூன்றாவது தடவை வெட்டிவிட்டு ஹெல்மெட்டை என் கண்ணில் காட்டவே இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போதும் தலையிலேயே போட்டுக்கொண்டு போனான். நாற்பத்திரண்டு பேரில் அவன் ஒருவன்தான் பிடிவாதம். மற்றவர்களெல்லாம் போட்டுக்கொண்டார்கள். அக்கா செய்தால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான்... மணி என்ன?

இருதயராஜ் என்று ஒருவர். கிரேனில் குழாயைக் கட்டித் தூக்கிவிடுகிற வேலை. நாற்பது வயசு இருக்கும். சத்தமாகப் பேச மாட்டார். காலையில் கையுறை வாங்க வந்தால் "வணக்கம்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார். வாங்கின சாமானைத் துடைத்துத் திருப்பித் தருகிற ஒரே ஆள். ஹெல்மெட்டை உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க தச்சதாக்கா?" என்றார்.

"ஆமா இருதயம். உறுத்துதா?"

"உறுத்தல. எங்க வீட்ல பிலோமினா தச்சா ரெண்டே நாள்ல பிரிஞ்சிடும். இது பிரியாது." தலையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "எனக்கு மட்டும் ரெண்டு சேத்துப் போடுங்கக்கா. தூக்கற சரக்குக்குப் பக்கத்துல நிக்கறவன் நான்தானே?"

போட்டுக் கொடுத்தேன். அவருக்கு மட்டும் ஆறு. எவ்வளவு சந்தோஷமாகப் போட்டேன் தெரியுமா? என் வேலையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. டீ வருகிற நேரம். பன்னிரண்டு அடிக் குழாய் ஒன்றைத் தூக்கினார்கள். ஒரு பக்கத்துக் கயிறு கொஞ்சம் சறுக்கியது. விழவில்லை, கேளுங்கள், குழாய் கீழே விழவே இல்லை. கதவு திறக்கிற மாதிரி சுற்றி வந்தது. அதன் முனை இருதயராஜின் இடது காதுக்கு மேலே ஹெல்மெட்டைச் சாய்வாக உரசிக்கொண்டு போய்விட்டது. இடித்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். நான் கவுன்டரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் தலை சடக்கென்று திரும்பியது, பக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. ஹெல்மெட் நழுவவே இல்லை. அவ்வளவு கச்சிதமாகத் தலையோடு தலையாக, தலை திரும்பினபோது அதுவும் திரும்பியது. என் தையல் அப்படி.

அவரே நடந்து வந்து என் கவுன்டருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லக்கா" என்றார். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஹெல்மெட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், அவ்வளவுதான். டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ வந்துடுச்சாக்கா?" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். கிளாஸ் கையில் இருக்கிறது. மறுபடி, "டீ வந்துடுச்சாக்கா?" மூன்றாவது தடவை கேட்டபோது கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். அப்புறம் வாந்தி. அப்புறம் அப்படியே சரிந்துவிட்டார்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மண்டை ஓட்டில் ஒரு கோடுகூட விழவில்லை என்று டாக்டர் சொன்னாராம், உள்ளேதான் அடி என்றாராம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். என்னைத் தெரிகிறது. "வணக்கம்க்கா" என்றார். கரண்டியைச் செருப்பு என்கிறார். எழுந்து நின்றால் தரை ஒரு பக்கமாகச் சரிகிறது என்கிறார். பிலோமினா சொன்னாள், "எப்ப வேலைக்குப் போறதுன்னு தினமும் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காருக்கா."

காட்டூர் இது. இன்னும் பாதி வழி இருக்கிறது.

நான் சொல்ல வந்த சமாச்சாரம் இனிமேல்தான். எங்கள் மேனேஜர் சௌந்தரபாண்டியன் ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறார். ஹெல்மெட்டில் எந்தக் குறையும் இல்லை. இருதயராஜ்தான் பட்டையை இறுக்காமல் லூசாக மாட்டியிருந்தார். ஹெல்மெட் தலையில் ஆடியதால்தான் அடி. அவருடைய கவனக் குறைவு. இப்படி எழுதியிருக்கிறது. இன்றைக்கு விபத்தை விசாரிக்கிற கவர்மென்ட் ஆபீசர் முன்னால் ஹெல்மெட்டை வைத்து, அதை நான் கொடுத்தது நல்ல நிலையில்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டால் தப்பு அவருடையது என்று ஆகிவிடும். வைத்தியத்தையும் கம்பெனி பார்க்காது, குணமானாலும் வேலைக்கு எடுக்காது.

ஆடியதாம்! என் ஹெல்மெட் ஆடியதாம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "சார், அது ஆடவே ஆடாது" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். எப்படித் தெரியும் என்று சொன்னால் முடிச்சைச் சொல்ல வேண்டும். முடிச்சைச் சொன்னால் என்ன ஆகிவிடும், நல்ல காரியம்தானே செய்தேன் என்றுதான் அப்போதுகூட நினைத்தேன். ஆனாலும் ஏனோ சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை குணசீலன் வந்தான். கவுன்டரில் அவன் ஹெல்மெட்டை வைத்தான். "அக்கா, இருதயத்தோடத எடு" என்றான். எடுத்து வைத்தேன்.

"என்னோடத தலையில வச்சுப் பக்கவாட்டுல தட்டு."

தட்டினேன். ஓடு நழுவியது. என் தலை அப்படியே இருந்தது.

"இப்ப அவனோடத."

தட்டினேன். என் கழுத்தே திரும்பிவிட்டது.

"அதுதான்க்கா" என்றான். அவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். போகும்போது திரும்பி, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றான்.

கேலி பண்ணியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். அவன் கேலி பண்ணவில்லை, அதுதான்.

சனிக்கிழமை புஹாரிக்குப் போன் செய்தேன். ஏன் என்று சொல்லவில்லை. "தம்பி, அந்தப் பச்சை ஏடு எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன். "என்னக்கா, அன்னைக்கே காட்டினேனே" என்றான். பிறகு பொறுமையாகச் சொன்னான். மேலிருந்து நேராக விழுகிற அடிக்குப் பழைய ஹெல்மெட்டே போதுமாம். "ஆனா உங்க ஷெட்ல எதுக்கா நேரா விழுது? சுத்திக்கிட்டு வருது, சரிஞ்சு வருது, ஆளே வழுக்கிப் பக்கவாட்டுல விழறான். சரிஞ்சு வர்ற அடி மண்டைய உடைக்காதுக்கா, திருப்பும். மண்டை சட்டுனு திரும்பும்போது உள்ள மூளை அதே வேகத்துல திரும்பாது, பின்தங்கிடும். அப்ப உள்ளுக்குள்ளயே இழுபடும். அதுக்குத்தான் ஓட்ட நழுவ விட்டிருக்கு. திருப்பற வேகத்துல கொஞ்சத்த ஓடு நழுவி வாங்கிக்கும், தலைக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும்."

"அதை யாராவது ஆடாம கட்டிப்புட்டா?"

சிரித்தான். "அது யாருக்கா அப்படிச் செய்வாங்க?"

"சும்மா கேக்கறேன்."

"கட்டிட்டா அந்த வேலைய அது செய்யாது. பழைய தொப்பி மாதிரிதான்."

"கட்டாம இருந்தா அடியே பட்டிருக்காதா?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. குறைஞ்சிருக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது" என்றான். பாருங்கள், அவனே சொல்ல முடியாது என்கிறான். விற்றவனே சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. சாவி என்னிடம்தான் இருக்கிறது. போய் உட்கார்ந்து, மற்ற ஹெல்மெட்டில் எல்லாம் முடிச்சை வெட்டிவிட்டேன். குணசீலனுடையதில் ஏற்கெனவே இல்லை. நூலெல்லாம் வியர்வையில் அழுக்கேறியிருந்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். வெட்டிய நூலை எல்லாம் கூட்டி அள்ளினால் ஒரு கைப்பிடிதான் வந்தது. ஆறு சாயங்காலம் உட்கார்ந்து செய்த வேலை.

இது ஒன்றுதான் பாக்கி. இதையும் வெட்டியிருக்கலாம். கட்டரை எடுத்தேன். முதல் முடிச்சுக்கு அடியில் நுழைத்தும் விட்டேன். அப்போது போய் "வணக்கம்க்கா" என்று காதில் விழுகிற மாதிரி... மனப்பிரமை. காலையிலிருந்து சாப்பிடவில்லை அன்றைக்கு.

இன்று காலையில் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு சொம்பில் தயிர் உறைய வைத்திருந்தேன். மேலிருந்து உள்ளங்கையால் நேராக ஒரு தட்டு தட்டினேன். தயிர் அப்படியே இருந்தது, ஒரு சுருக்கம்கூட இல்லை. அப்புறம் சொம்பைப் பிடித்துச் சட்டென்று ஒரு திருப்பு திருப்பினேன். இப்படி. தயிர் ஓரத்தில் விட்டுக்கொண்டு, நடுவில் கிழிந்து தண்ணீர் வந்துவிட்டது. புஹாரி மேஜையில் கிடந்ததே, அதே மாதிரி. பாக்கெட் பால் தயிர், சரியாக உறையாது. எருமைப் பால் தயிராக இருந்தால் அப்படிக் கிழிந்திருக்காது. எங்கள் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன பண்ற?" என்றார். "உறைஞ்சுதான்னு பாக்கறேன்" என்றேன். அந்தத் தயிரை அவருக்கு ஊற்ற மனசு வரவில்லை. கொட்டிவிட்டேன்.

பால்பண்ணை தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. இவ்வளவு நேரம் உருட்டிக்கொண்டு வந்தவர் இப்போது பறக்கிறார் பாருங்கள்.

நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறினதும் ஜன்னல் ஓரம் கிடைத்தால் பையைத் திறக்காமலே உள்ளே கையை விட்டு ஆறையும் வெட்டிவிடலாம், நூலை ஜன்னல் வழியாக விட்டுவிடலாம் என்று. ஜன்னல் ஓரத்தில் நீங்கள் இருந்தீர்கள். திருவெறும்பூரில் வெட்டலாம் என்றிருந்தேன், பேசிக்கொண்டே தாண்டிவிட்டது. காட்டூரில் கை உள்ளேதான் இருந்தது. நீங்கள் கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள்.

முடிச்சு இல்லை என்றால் ஹெல்மெட்டில் குறை இல்லை என்று நான் சொல்வது பொய்யாகாது அல்லவா? ஹெல்மெட்டில் குறை இல்லையே. அதைச் செய்தவன் சரியாகத்தான் செய்தான். போட்டுக்கொண்டவரும் சரியாகத்தான் போட்டுக்கொண்டார், பட்டையெல்லாம் இறுக்கி, நான் கண்ணால் பார்த்தேன். நடுவில் இருந்தவள்தான்... நான் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஆடக் கூடாது என்று செய்தேன். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறது ஒரு குற்றமா? என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். அது தெரியும். அது பரவாயில்லை. ஆனால் நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். ஸ்டோர் அக்கா செய்தால் சரியாக இருக்கும் என்று இனிமேல் எவனாவது சொல்வானா?

பிலோமினா என்ன சொன்னாள் தெரியுமா, அன்றைக்கு அவர்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது? "நீங்க போட்டுக் குடுத்த தையல் இருந்ததாலதான் உயிராவது தப்பிச்சாருன்னு இவர் சொல்லிக்கிட்டே இருக்காருக்கா." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். எனக்கு அன்றைக்குப் பஸ்ஸே கிடையாது, எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

இதைப் பிடியுங்கள். பிடியுங்கள், ஒன்றும் ஆகாது. உள்ளே பாருங்கள். நீல நூல் தெரிகிறதா? எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள்.

ஆறா?

ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை அல்லவா?

இந்தக் கீறல், இதோ, இதுதான் அன்றைக்கு விழுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து வந்து இப்படிப் போயிருக்கிறது. பாருங்கள், நேராக இல்லை.

நான் சொன்னதெல்லாம் கேட்டீர்கள். ஆறு முடிச்சையும் கண்ணால் பார்த்துவிட்டீர்கள், கையால் தொட்டும் விட்டீர்கள். உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனால் இனிமேல் வெட்டினால், வெட்டினேன் என்று தெரிந்த ஆள் ஒருவர் சென்ட்ரலில் இறங்கி நடந்து போய்க்கொண்டிருப்பார். அது போதும் எனக்கு. பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம். அப்படிப் பார்க்காதீர்கள்.

டோல்கேட் தாண்டிவிட்டதே! அடுத்தது மன்னார்புரம்தான். கொடுங்கள், பையில் போட்டுக்கொள்கிறேன். இந்தாருங்கள், இந்த நூல் கட்டரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவு தூரம் இது என் பர்ஸில் இருக்க வேண்டாம். நல்ல கட்டர். உங்கள் கைப்பட்டியில் மறுபடி நூல் பிரியும், அந்தத் தையல் சரியில்லை.

வழி விடுங்கப்பா, இறங்கணும்!

ஐயோ, என் டிக்கெட். காசில்லாத டிக்கெட்டாக இருந்தாலும் கீழே செக்கர் நின்றால் கேட்பார். கொஞ்சம் நகருங்கள், அந்தச் சந்திலிருந்து உருவிக்கொள்கிறேன்... வந்துவிட்டது.

பாருங்கள், மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. சென்ட்ரல் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் செருகாதீர்கள். சத்தம்தான், வேறொன்றும் இல்லை.